டிக்சிக்குப் போட்ட பெட்டி

எனக்கு எண்பத்தெட்டு வயது. பெற்றது ஒரே ஒரு பெண். அவளை வளர்த்தது என் அம்மா. நான் வளர்த்தது நூற்றுக்கும் மேலே இருக்கும், எல்லாம் நாய்க்குட்டிகள். கண் திறக்காத நாளிலிருந்து, கழுத்தில் பட்டை போட்டு ஒரு வீட்டில் கொண்டுபோய் விடுகிற வரைக்கும் என் கையில் கிடந்ததுகள். இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது. ஏரிக்கு மேலே இருந்த பங்களாக்களில் ஒரு நாய்க்குக் குட்டி போட வயிறு இறங்கிவிட்டால், "சலேத்தைக் கூப்பிடுங்க" என்பார்கள். என் முழுப்பெயர் சலேத்தம்மாள். அவ்வளவு நீளமாக என்னைக் கூப்பிட்டது ஒரே ஆள்தான். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கீழ்த்தெருவில் லாட்ஜ் நடத்துகிற நான்சி போன வாரம் வந்தாள். அவள் நாய் நிறைமாசம். லேப்ரடார், பெரிய உடம்பு. காரில் வத்தலக்குண்டு கொண்டுபோய் வயிற்றை ஸ்கேன் எடுத்துவிட்டு வந்திருக்கிறாள். உள்ளே ஏழு கிடக்கு என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "வீட்டுலயே போடட்டும்ங்கிறாரு பாட்டி. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீங்க சொல்லுங்க, ஸ்டெல்லா எழுதித் தரட்டும்" என்றாள்.

உள்ளே எத்தனை என்று முன்னாலேயே தெரிவது நல்லதுதான். நாங்கள் கடைசிக் குட்டி வந்துவிட்டதா, இன்னும் ஒன்று கிடக்கா என்று விரலால் வயிற்றைத் தடவித் தடவித்தான் கண்டுபிடிப்போம். எனக்கு என் பெயரை எழுத வரும். செபப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். அதற்கு மேல் வராது. அதனால் நான் சொல்கிறேன், பேத்தி ஸ்டெல்லா எழுதுகிறாள். வெரசா சொல்லு என்று என்னை முடுக்கக் கூடாது என்று அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் பிறந்தது போளூர். கொடைக்கானலைத் தாண்டி, இன்னும் உள்ளே தள்ளி இருக்கிற மலை ஊர். என் வீட்டுக்காரர் மரம் வெட்டப் போன இடத்தில் மரம் சாய்ந்து போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் பிலோமினாவுக்கு அப்போது பால் குடி மறக்கிற வயது. பூண்டுக்காட்டு வேலை இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டுக் கொடைக்கானல் வந்து பங்களா வேலையில் சேர்ந்தேன். பிள்ளையோடு வருகிற ஆயாவைப் பங்களாவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். அங்கே பாத்திரம் தேய்த்த, துணி துவைத்த பெண்களில் பாதிப் பேருக்குப் பிள்ளை வேறு ஊரில்தான் இருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டோம்.

எங்கள் பங்களா ஹில்டா மிஸ்ஸியம்மாவுடையது. வெள்ளைக்காரர். கீழே சமவெளியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பெரிய நர்ஸ். கல்யாணம் காட்சி ஒன்றும் கிடையாது. வெயிலுக்குப் பயந்து ஏப்ரலில் மேலே ஏறுவார், மழை பிடிப்பதற்கு முன்னால் இறங்கிவிடுவார். மற்ற மாசமெல்லாம் வீட்டுக்கு நான்தான் காவல்.

அவர் தமிழை வேதப் புத்தகத்தில் இருந்தே படித்தவர். எங்களிடமும் அப்படித்தான் பேசுவார். "சலேத்தம்மாளே, வாரும். உம்முடைய கரங்களைக் காண்பியும்" என்பார். நான் கையை நீட்டினால் நகத்தைப் பார்ப்பார். நாயிடமும் அதே மரியாதைதான். "டிரிக்சியே, அமரும்" என்பார். அதற்கு அவர் வைத்த பெயர் டிரிக்சி. எங்கள் வாயில் டிக்சி. பஜாரில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். "எங்க வீட்டுல எம் மாமியாரு எனக்கு இந்த மரியாதை குடுக்கல" என்பாள் பால்காரி.

மிஸ்ஸியம்மா ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. நான் துடைத்த கண்ணாடி சரியில்லை என்றால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். என் கையிலிருந்து துணியை வாங்கி, என் கண் முன்னாலேயே மறுபடி துடைத்துவிட்டுத் துணியைத் திருப்பித் தருவார். அதைவிட நாலு ஏச்சு வாங்கிவிடலாம். அதனால்தான் என் வேலை அப்படி ஆனது. நான் கழுவிய தரையில் சோற்றைப் போட்டுத் தின்னலாம் என்று பக்கத்துப் பங்களாக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அது தெரியும்.

நாய் வேலையையும் அவர்தான் பழக்கினார். முதல் பேறுகாலத்துக்கு நான் வெந்நீர் கொண்டு வந்ததோடு சரி. அடுத்ததற்குத் தொப்புள்கொடியில் நூல் கட்டினேன். அதற்கு அடுத்ததற்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தார், நான் பார்த்தேன். என் படிப்பு அவ்வளவுதான். பக்கத்துப் பங்களா நாய்களுக்கும் என்னை அனுப்ப ஆரம்பித்துவிட்டார்.

நான்சி கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் பெட்டி. பேறுகாலத்துக்கு ரெண்டு வாரத்துக்கு முன்னாலேயே தயாராக இருக்க வேண்டும், நாய் அதில் படுத்துப் பழக வேண்டும். நாய் நீட்டிப் படுத்தால் காலும் தலையும் இடிக்கக் கூடாது. ரொம்பப் பெரிதாகவும் இருக்கக் கூடாது, குட்டி ஒரு மூலையில் போய்க் குளிர்ந்து கிடக்கும். முன்பக்கப் பலகை தணிவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் தாய் உள்ளே ஏறி இறங்கும்போது பால்காம்பு உரசிப் புண்ணாகும். உள்பக்கம் சுற்றி வர, சுவரில் இருந்து ஒரு உள்ளங்கை அகலம் தள்ளி, ஒரு சட்டம் அடிக்க வேண்டும். தாய் அசதியில் சுவரோடு சாயும். நடுவில் குட்டி மாட்டினால் நசுங்கிப் போகும். சட்டம் இருந்தால் அந்த இடைவெளியில் குட்டி பிழைத்துக் கிடக்கும். பெட்டியை அடுப்புக்கு நேரே வைக்காதே. கதவிடுக்குக் காற்றுக்கு நேரேயும் வைக்காதே. ஆள் நடமாட்டம் இல்லாத, கொஞ்சம் இருட்டான மூலை போதும்.

தரைக்குப் பழைய பேப்பரை அடுக்கடுக்காக விரி. நனைந்தால் மேல் அடுக்கை மட்டும் எடுத்துவிடலாம். வைக்கோல் ஆகாது, உண்ணி வரும். முடி நீளமான நாய் என்றால் வயிற்றிலும் பின்னங்காலிலும் முடியைக் கத்தரித்துவிடு. சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை வை, வயிற்றில் இடம் இருக்காது பாவம். படி ஏறவிடாதே. கத்தரிக்கோலையும் நூலையும் கொதிக்க வைத்து எடுத்து வை. ஒரு குட்டிக்கு ஒரு நஞ்சுக்கொடி வெளியே வர வேண்டும். ஒன்று உள்ளே தங்கினாலும் தாய்க்குக் காய்ச்சல் கண்டுவிடும். அதை எண்ணாமல் எழுந்திரிக்காதே.

அப்புறம் தெர்மாமீட்டர். எனக்கு எண் வாசிக்க வராது என்று மிஸ்ஸியம்மா அந்தக் கண்ணாடிக் குச்சியில் கடுகளவு சிவப்பு அரக்கு வைத்துத் தந்திருந்தார். வெள்ளனே எழுந்து, உதறிவிட்டு, நாய்க்கு வைத்துப் பார்ப்பேன். பாதரசம் அரக்குப் பொட்டுக்கு மேலே நின்றால் இன்றைக்கு இல்லை. கீழே நின்றுவிட்டால் மறுநாளுக்குள் குட்டி. இது தப்பி நான் பார்த்ததில்லை.

இனி டிக்சி கதை.

ஐம்பத்தெட்டாம் வருசமாக இருக்கும், இல்லை ஐம்பத்தொன்பதாக இருக்கும். மற்ற வருசமெல்லாம் மிஸ்ஸியம்மா இறங்கும்போது டிக்சியையும் கூட்டிப்போய்விடுவார். தொங்குகாது வைத்த செம்பட்டை நாய், அவர் மடியில் உட்கார்ந்துதான் பஸ்ஸில் போகும். அந்த வருசம் சீசனிலேயே சினை பிடித்துவிட்டது. மலைப்பாதை வளைவில் வயிற்றோடு கொண்டுபோக முடியாது, கீழே வெயிலும் தாங்காது. "சலேத்தம்மாளே, இவளை உம்முடைய வசத்தில் ஒப்புவிக்கிறேன். எனக்கு இவளையன்றி ஒருவரும் இல்லை" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய அவருடைய மழைக்கோட்டைக் காட்டி, "மழை வரும். இதைத் தரித்துக்கொள்ளும்" என்றும் சொன்னார். காக்கி நிறத்தில், உள்பக்கம் கம்பளி வைத்துத் தைத்த கோட்டு. துவைத்தால் தண்ணீர் இறங்கிவிடும் என்று அதைத் துவைப்பதே இல்லை.

அவர் போனதும் வீடு அடைக்கிற வேலை. சீசன் முடிந்தால் எல்லாப் பங்களாவிலும் அதுதான் சோலி. திரைச்சீலை, மெத்தை உறை, போர்வை எல்லாவற்றையும் துவைத்து, காயவைத்து, அந்துருண்டை போட்டு டிரங்குப் பெட்டியில் அடுக்க வேண்டும். தரைக்குப் பினாயில். அலமாரிக்குள் யூகலிப்டஸ் தைலம். படுக்கையறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டேன். அதை அடுத்த ஏப்ரல் வரைக்கும் திறக்கக் கூடாது என்பது கட்டளை.

அதன் பிறகு நானும் டிக்சியும்தான். அந்தப் பக்கத்தில் புகை வந்த புகைபோக்கி எங்கள் சமையலறைப் புகைபோக்கி ஒன்றுதான். மற்ற வீடெல்லாம் அடைத்துக் கிடக்கும். மஞ்சு இறங்கினால் வேலிக்கு அந்தப் பக்கம் உலகம் இருக்கிறதா என்றே தெரியாது. தோட்டக்கார முத்தாண்டி அண்ணன் வில்பட்டியில் இருந்து வாரத்துக்கு ஒருநாள் வருவார். மழை வலுத்தால் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் பாட வாயைத் திறந்தால் தொண்டை கட்டிக்கொண்டிருக்கும். வாரம் பூராவும் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத தொண்டை அது. நாயிடம் பேசுவேன். "ஏலே டிக்சி, இன்னிக்கு என்ன குழம்பு வைக்கலாம்?" என்பேன். அது என்னைப் பார்க்கும். பிறகு வெளியே பார்க்கும்.

மத்தியானம் கடைசி வளைவில் பஸ் ஹாரன் அடிக்கும். டிக்சி எங்கே இருந்தாலும் எழுந்து கேட்டுக்கு ஓடிவிடும். பஸ்ஸில் இறங்கினவர்கள் ஏறி வந்து கடந்துபோகிற வரைக்கும் கம்பிக்கு இடையில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரும். ஒருநாள் தவறாமல் இது நடந்தது.

ஆனால் நான் பஜாருக்குப் போய்த் திரும்பினால் வேறு நாய். கோட்டைப் போட்டுக்கொண்டு நான் கேட்டைத் திறக்கும்போதே பாய்ந்து வரும். வயிற்றைத் தூக்கிக்கொண்டு குதிக்கும். கோட்டுக்குள் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டு முனகும். எனக்குக் கண் கலங்கிவிடும். அந்த வருசம் ஈஸ்டருக்குப் போளூர் போயிருந்தேன். பிலோமினா என்னைப் பார்த்துவிட்டு என் அம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "யாரு ஆத்தா இது?" என்று கேட்டாள். பிஸ்கட்டை நீட்டினேன். கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டு மறுபடி பின்னால் போய்விட்டாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு நாய் இந்தக் குதி குதித்தால் எப்படி இருக்கும்?

பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்த காதர் ராவுத்தரிடம் பெருமை பேசினேன். "நான் இங்க வந்தா அது சோறு திங்காதுண்ணே. என்னய விட்டு ஒரு நிமிசம் இருக்காது."

"அது சரி, மிஸ்ஸி வீட்டு மகளுக்கு இப்ப எத்தனாவது மாசம்?"

"நாய்க்கு மொத்தமே ரெண்டு மாசந்தாண்ணே."

"கேப்பை மாவு, முட்டை, சாறு வைக்க எலும்பு. எம் பொண்டாட்டி ஆறு பெத்தா. ஒரு தடவ இப்பிடிச் சாமான் போகல எங்க வீட்டுக்கு."

"கடைய வச்சிருக்கிறது நீங்க. அக்காவுக்குக் கொண்டுபோய்க் குடுக்காதது யாரு தப்பு? நாயப் பாத்துப் பொறாமப்பட்டா ஆச்சா?"

கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ராவுத்தரும் சிரித்துக்கொண்டு ஒரு கருப்பட்டித் துண்டைப் பொட்டலத்தில் சேர்த்தார். "இது நாய்க்கு இல்ல, உனக்கு. நீயும் கொஞ்சம் தின்னு, காத்துல பறந்துருவ போலிருக்கு" என்றார்.

முத்தாண்டி அண்ணன் தேயிலைப் பெட்டிப் பலகையில் பெட்டி அடித்துக் கொடுத்தார். "எம் பிள்ளைகளுக்குத் தொட்டில் அடிக்க இவ்வளவு இழைக்கல" என்றார். சட்டம் அடித்து, மரத்தூள் தட்டி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, சமையலறைக்குப் பக்கத்து உள்ளறையில் போட்டேன். பேப்பர் விரித்து, மேலே துவைத்து மடித்த வெள்ளைத் துணி. பார்த்தால் பீடம் மாதிரி இருந்தது.

டிக்சி முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

தூக்கி வைத்தால் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு இறங்கிவிடும். இரவில் பூட்டிய படுக்கையறைக் கதவுக்கு வெளியே வெறுந்தரையில் படுத்துக்கொள்ளும். பழகிவிடும், பழகிவிடும் என்று நாளைக் கடத்தினேன். பழகவில்லை.

அன்றைக்கு வெள்ளனே பார்த்தால் பாதரசம் அரக்குப் பொட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. கஞ்சியைத் தொடவில்லை. உடம்பு நடுங்கியது, நாக்கை நீட்டி இரைத்தது. எல்லாம் முறைப்படிதான். நான் நகம் வெட்டி, கார்பாலிக் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினேன். வெந்நீர் வைத்தேன். கத்தரிக்கோல், நூல், பழந்துணி, குட்டிக்குக் கூடை, எல்லாம் எட்டுகிற இடத்தில். இனி அது படுத்து முக்க வேண்டியதுதான் பாக்கி.

அது படுக்கவில்லை. நின்றது, நடந்தது, கேட்டுக்கு ஓடியது. சாரல் மழை. தூக்கி வந்து துடைத்தேன். மறுபடி ஓடியது. பின்கதவை அடைத்தேன். கதவைப் பிறாண்டிப் பிறாண்டி நகத்தில் ரத்தம் வந்துவிட்டது. திறந்துவிட்டேன். பனிக்குடம் உடைந்து தரையில் ஊற்றியது. அப்படியே நின்றபடி ரெண்டு தரம் முக்கியது. பிறகு நிறுத்திவிட்டது. காதைத் தூக்கிக்கொண்டு வெளியே பார்த்தது.

அன்றைக்கு ஹாரன் அடிக்கவே இல்லை. மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் கீழேயே நின்றுவிட்டது என்று பால்காரி காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எனக்குத் தெரியும், நாய்க்கு யார் சொல்வது? "இன்னிக்கு வராது டிக்சி. நாளைக்கும் வர மாட்டாங்க. நீ படு தாயி" என்று கெஞ்சினேன். பெட்டிக்குள் தூக்கி வைக்கப் போனேன். என்னைப் பார்த்து உறுமியது. அதுவரைக்கும் அது என்னிடம் உறுமியதே இல்லை.

பனிக்குடம் உடைந்த பிறகு குட்டி வழியில் தங்கினால் முதலில் குட்டி போகும், அப்புறம் தாய் போகும். மாட்டு டாக்டர் கீழே இருந்தார், பாதை அடைத்துக் கிடந்தது. எனக்கு இவளையன்றி ஒருவரும் இல்லை என்று கண்ணாடியைத் துடைத்த அந்த அம்மாவிடம் என்ன சொல்வேன்?

இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் படுக்கையறையைத் திறந்தேன். கட்டளைக்கு விரோதம்தான், திறந்துவிட்டேன். அதற்கு அவர் அறைதானே வேண்டும், அங்கேயே போடட்டும் என்று நினைத்தேன். டிக்சி வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தது. கட்டிலுக்கு அடியில் போனது. மூலை மூலையாக முகர்ந்தது. சுருட்டி வைத்த மெத்தையில் மூக்கை வைத்துத் தும்மியது. அந்துருண்டை, பினாயில், தைலம். நான்தான் முட்டி போட்டுத் தேய்த்தேன். மிஸ்ஸியம்மா அந்த அறையில் ஒரு பொட்டுக்கூட மிச்சம் இல்லை. டிக்சி வெளியே வந்து நடையில் விழுந்தது. கண் கேட்டுப் பக்கம்.

ராவுத்தர் கடைக்கு ஓடி யாரையாவது கூட்டி வரலாம் என்று ஆணியில் கிடந்த கோட்டை எடுத்து மாட்டினேன். உடனே டிக்சி எழுந்தது. நிற்க முடியாமல் பின்னங்கால் ஆடியது. தள்ளாடி வந்து கோட்டுக்குள் மூஞ்சியை விட்டு முனகியது. போகாதே என்கிறது என்று நினைத்தேன். "போகல தாயி, போகல. ஒன்ன விட்டு எங்கயும் போகல" என்று கோட்டைக் கழற்றி மறுபடி ஆணியில் மாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

அது என்னிடம் வரவில்லை. என்னைத் தாண்டிப் போய், ஆணிக்கு அடியில் நின்று, அண்ணாந்து கோட்டைப் பார்த்தது.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். ஒரு மாசமாகக் கேட்டில் குதித்ததெல்லாம் யாருக்கு என்று அப்போதுதான் தெரிந்தது. என் மேல் அடுப்புப் புகை வாசம். கோட்டின் உள்கம்பளியில் அந்த அம்மா வாசம். வீட்டில் நான் துவைக்காத துணி அது ஒன்றுதான். அழுகை வந்தது. அழ நேரமில்லை.

பெட்டியில் இருந்த வெள்ளைத் துணியை உருவி எறிந்தேன். கோட்டை உள்பக்கம் மேலே வருகிற மாதிரி விரித்து அதன் கைகளை அடியில் மடித்துவிட்டேன். டிக்சி கூடவே வந்தது. தானாக ஏறியது. மூன்று சுற்று சுற்றிக் கம்பளியைப் பிறாண்டி, மூக்கைக் கழுத்துப்பட்டிக்குள் புதைத்துப் படுத்தது. ஒரு பெருமூச்சு விட்டது பாருங்கள், மனுசி விடுகிற மாதிரி. பிறகு முக்க ஆரம்பித்தது.

முதல் குட்டி பின்னங்கால் முன்னால் வந்தது. இடுப்போடு நின்றுவிட்டது. இந்த இடத்தை நான்சி நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இழுத்துவிடக் கூடாது. பழந்துணியால் பிடித்துக்கொண்டு, தாய் முக்கும்போது மட்டும், அதன் கால் பக்கமாகக் கீழ் வாட்டத்தில் பதமாக வாங்க வேண்டும். அது நிறுத்தினால் நீயும் நிறுத்து, பிடியை மட்டும் விடாதே. இதை இப்போது செய்யாதே, உனக்குப் போன் இருக்கிறது, டாக்டரைக் கூப்பிடு. எனக்கு அது இல்லை. வாங்கினேன். வந்தது. தலைகீழாகப் பிடித்து வாயைத் துடைத்து, துணியில் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தேன். அதற்கு உயிர் இல்லை. ரொம்ப நேரம் வழியில் கிடந்துவிட்டது.

டிக்சி அதை நக்கி நக்கிப் பார்த்தது. நான் பிடுங்கவில்லை. ரெண்டாவது வந்து கத்தின பிறகுதான் முதலாவதைத் துணியில் சுற்றி எடுத்தேன். பிறகு மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது. எல்லாம் தலை முன்னால், சுருக்காக. நஞ்சுக்கொடி ஐந்தையும் எண்ணினேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு நாலும் வரிசையாகப் பால் குடித்தன. செத்ததைப் பேரி மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். டிக்சி கண் மூடிக் கிடந்தது. மூக்கு இன்னும் அந்தக் கழுத்துப்பட்டிக்குள்தான். நான் ராவுத்தர் கொடுத்த கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிலோமினாவை நினைத்தேன். அவளுக்கு முகர என்ன இருக்கிறது என்று யோசித்தேன்.

குட்டிகள் வளர்ந்து நாலு வீட்டுக்குப் போயின. கிறிஸ்துமஸுக்கு டிக்சியை முத்தாண்டி அண்ணனிடம் விட்டுவிட்டுப் போளூர் போனேன். பாதி வழி உருளைக்கிழங்கு லாரி, மீதி நடை. எப்போதும் ஊருக்குப் போகும்போது குளித்து, பெட்டியில் வைத்த சேலையைக் கட்டிக்கொண்டு போவேன். அந்தத் தடவை வேலைச்சேலை ஒன்றையும் பையில் வைத்துக்கொண்டேன். வாரம் பூரா கட்டியது, தண்ணீரில் போடாதது. புறப்படும்போது அதை அம்மா கையில் கொடுத்தேன்.

"பிள்ளைக்கு ராத்திரி விரிச்சுப் போடு. துவைக்காத."

"என்னடி இது? ஒரே அடுப்புக்கரி நாத்தம். நாய் முடி வேற ஒட்டியிருக்கு!"

"இருக்கட்டும். துவைக்காதங்கிறேன்ல."

"பங்களாவுல இருந்து இருந்து ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சு" என்று அம்மா திட்டினாள். ஆனால் வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஏப்ரலில் மிஸ்ஸியம்மா வந்தார். டிக்சி கேட்டைத் தாண்டிக் குதித்து ஓடியது. சாலையில் புரண்டது, கத்தியது, அவர் தொப்பியைத் தட்டிவிட்டது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காது என்று தெரிந்துதான் நின்றேன், ஆனாலும் நெஞ்சு வலித்தது.

கோட்டு அதே ஆணியில் தொங்கியது. உள்கம்பளி முழுக்க ரத்தக்கறை காய்ந்திருந்தது. அவர் எடுத்து விரித்துப் பார்த்தார். படுக்கையறையைத் திறந்தது, நாய் தும்மியது, ஆணிக்கு அடியில் நின்றது எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை. நாய்க்கு வேண்டியிருந்தது, கொடுத்தேன்.

"என்னையா தேடினாள்?" என்றார்.

"ஆமாங்கம்மா."

"என்னையா?" என்று மறுபடி கேட்டார். கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பாமலே, "நலமாய்ச் செய்தீர், சலேத்தம்மாளே" என்றார். அந்தக் கறையோடேயே கோட்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார். அந்த வருசம் இறங்கும்போது டிக்சியும் கூடவே போனது. போகும் முன்னால், எதற்கோ தெரியவில்லை, தன் சால்வையைக் கழற்றி நாற்காலியில் போட்டு, "இதைத் துவையாதிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டை அடைத்துவிட்டு நான் போளூர் போனேன். வாசலில் பிலோமினா நின்றாள். தலை வாராத பிள்ளை, கையில் என் சேலை. சேலையா அது, அழுக்கில் நிறமே போயிருந்தது. "வந்துட்டியா? நீயே வாங்கித் துவை. தொட்டா ஊரக் கூட்டுறா" என்று அம்மா உள்ளே இருந்து கத்தினாள்.

நான் அன்றைக்குக் குளிக்காமல்தான் போயிருந்தேன். அவளைக் கூப்பிடவில்லை. பிஸ்கட்டை எடுக்கவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். அவள் சேலை முந்தியை மூக்கில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு அடி வந்தாள், நின்றாள், இன்னொரு அடி வந்தாள். என் முழங்கையில் மூக்கை வைத்தாள்.

"நீதானா?" என்றாள்.

அதனால் நான்சி, பெட்டியை எல்லோரும் செய்து கொடுப்பார்கள், கடையிலேயே விற்கிறதாம். அதற்குள் புதுத் துணி போடாதே. நீ ரெண்டு நாள் கட்டிய நைட்டியைத் துவைக்காமல் போடு.

ஸ்டெல்லா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள். "பாட்டி, அவங்க நாயப் பத்திக் கேட்டாங்க. நீ அம்மாவப் பத்தில்ல சொல்லிட்டிருக்க?" என்கிறாள். எல்லாம் ஒரே வேலைதான், எழுது என்றேன். எழுதிவிட்டாள். இவள் அம்மா பிலோமினா இப்போது திருப்பூரில் இருக்கிறாள். வருசத்துக்கு ஒருதரம் வருவாள். வந்தால் என் கட்டிலில் வந்து படுத்துக்கொள்வாள், போர்வையைத் துவைக்க விட மாட்டாள்.

போதும், பேனாவை வை. ஏலே ஸ்டெல்லா, இனி முதலில் இருந்து வாசி பார்ப்போம். மெதுவா வாசி. அந்த 'நீதானா' வருகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்.